ஆயுத பூஜையன்று மாற்றிய நான்கு பிளக்குகள்

நான் முதன்முதலில் பார்த்த பந்தயக் கார் இருமிக்கொண்டே வந்தது. அன்று ஆயுத பூஜை. எனக்குப் பதினொரு வயது. காலை பத்தரை மணி. படையல் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிள்ளைப்பாக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு தகர ஷெட் வைத்து வண்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீடு அதன் பின்சுவரை ஒட்டியது. டிராக்டர்களும், புதிதாக வரப்போகும் கார் தொழிற்சாலைக்கு மண் அடிக்கும் லாரிகளும்தான் அவரிடம் வரும். ஏரிக்கு அந்தப் பக்கம் கார்ப் பந்தயத் திடல் இருந்தது. பந்தயம் நடக்கும் நாட்களில் சத்தம் தண்ணீருக்கு மேலே மிதந்து எங்கள் வீட்டுக்குள் வரும். மாமா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. ஒருமுறை வேலியோரம் நின்றபோது காவலாளி விரட்டிவிட்டாராம். "வெளிய நின்னா புழுதிதான் தெரியுது. வூட்ல குந்திக்கினு கேட்டா வண்டியே தெரியுது," என்று அதற்கொரு சமாதானம் வைத்திருந்தார்.

அன்று காலை ஷெட்டிலிருந்த எல்லா ஸ்பானர்களையும் கழுவித் துடைத்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் பலகையில் அடுக்கியவள் நான். ஒவ்வொன்றிலும் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்ததும் நான்தான். எந்தப் பொட்டும் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். "இவ கைக்கு அளவு வாச்சிருக்கு," என்று அம்மா சொன்னதை அன்று முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படையல் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அம்மாவுக்கு அது கூடுதல் கண்டிப்பு. அப்பா லாரி ஓட்டுநர். அந்த வாரம் சரக்கோடு வடக்கே போயிருந்தார். எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டு அறிய வழியில்லாத காலம். அவர் சாலையில் இருக்கும்போது வீட்டில் சாமி காரியம் எதுவும் கோணக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அந்த நேரத்தில்தான் சாலையில் இருமல் கேட்டது. பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த மாமா எழுந்துவிட்டார். "மூணுதான் அடிக்குது," என்றார்.

"இன்னாது மூணு?" என்றாள் அம்மா.

"நாலு பிளக்குல மூணுதான் வேல செய்யுது. இந்த வண்டிய எனக்குத் தெரியும்."

ஷெட் வாசலில் வந்து நின்றது ஒரு சிவப்புக் கார். நான் பார்த்திருந்த எந்த வண்டியின் உருவமும் அதற்கு இல்லை. என் இடுப்பு உயரம்தான். இரண்டே இருக்கைகள். கதவில் வெள்ளை வட்டத்துக்குள் ஏழு என்ற எண். நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அதைத் தொட்டால் சுடுமா, குளிருமா என்று எனக்குள் பெரிய விவாதம் நடந்தது.

அதிலிருந்து இறங்கியவர் ஒரு பெண். அம்மா வயது இருக்கும். தலையை ஒட்ட வாரிப் பின்னலை உடைக்குள் சொருகியிருந்தார். பட்டணத்தில் பல் டாக்டராம். எங்கள் வாழ்க்கையில் அவர் இருந்தது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் டாக்டரம்மா என்று எங்கள் வீட்டில் சொன்னால் இன்றுவரை அவர்தான்.

"இன்னிக்கு மூணு மணிக்கு ரேஸ்," என்றார் அவர். "காலைல பிராக்டீஸ்ல படுத்துடுச்சு. எங்க மெக்கானிக், 'டூல்ஸை சாமிக்கு வெச்சுட்டேன், நாளைக்குத்தான் தொடுவேன்'னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டார். வழியில எல்லா கடையும் பூட்டியிருக்கு. நீங்க பார்ப்பீங்களா?"

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"பாக்க மாட்டான்மா," என்றாள் அம்மா. "இவனும் சாமிக்கு வெச்சிருக்கான்."

டாக்டரம்மா தலையசைத்தார். பிறகு, கெஞ்சுவதற்காக இல்லாமல் தகவலுக்காகச் சொல்வதுபோல், "மெக்கானிக் இல்லாம ஸ்டார்ட்டே பண்ண விடமாட்டாங்க. வண்டி சரியாச்சுன்னா நீங்களே என்கூட உள்ள வரலாம். அவரோட பாஸ் இருக்கு, பேரை மட்டும் மாத்தணும்," என்றார். கண்ணாடியில் ஒரு மஞ்சள் அட்டை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமாவின் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. பலகாரத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் காரின் பானெட்டின் மேலேயே வைக்கப் போய்விட்டார்.

அம்மாவும் அவரும் வீட்டுக்குள் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, ஒரே ஒரு மணி நேரம்."

"சாமிக்கு வெச்ச சாமான்டா. இவ அப்பா ரோட்டுல கீறாரு. உனக்கு அது நெனப்பு இல்லியா?"

"கீது. அதான் ஒன்ன கேக்கறேன். இல்லன்னா கேக்காமலே எடுத்திருப்பேன்."

அம்மா சாமி படத்துக்கு முன் எரிந்த விளக்கைத் தூண்டிவிட்டாள். அவள் பயம் பெரிது. தம்பியின் ஆசையும் அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும். வண்டிக்குள் புதிதாக எது போனாலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிச் செய்தால் அந்த வேலையே பூஜையில் சேர்ந்துவிடும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தக் காரை என்னிடம் கொடுத்து ஓட்டச் சொல்லியிருந்தாலும் அப்போது தலையாட்டியிருப்பார்.

காரை மூக்கு உள்ளே இருக்கும்படி ஷெட்டுக்குள் தள்ளினோம். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமலிருக்க அம்மா ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். உள்ளே பகலிலேயே அந்தி ஆகிவிட்டது.

மாமா பானெட்டைத் தூக்கினார். இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி தட்டும் பழைய பிளக்குகள் நான்கையும் கழற்றி, செய்தித்தாளில் ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எண் போட்டு அந்தந்த எண்ணின் மேல் வைத்தார். அடுத்த அரை மணி நேரம் அங்கே நடந்தது எனக்கு மந்திரம்போல் இருந்தது. ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஆம், படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றும் இரண்டும் நான்கும் கரியடைந்த பழுப்பு. மூன்றாவது மட்டும் விளக்குக் கரிபோல் கறுத்து, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. பிறகு நான்கு ஒயர்களையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது ஒயருக்கு மட்டும் முள் அசையவில்லை, மற்றவற்றுக்கு நகர்ந்தது. அந்த ஒயரை மெல்ல வளைத்து, முடி அளவுக்கு இருந்த வெடிப்பை டாக்டரம்மாவுக்குக் காட்டினார்.

"சொத்தை," என்றார் டாக்டரம்மா. மாமா சிரித்துவிட்டார்.

பந்தயக்காரர்கள் உதிரிபாகம் இல்லாமல் வருவதில்லைபோலும். டாக்டரம்மா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். இரண்டு வகைப் பிளக்குகள், இரண்டு செட் ஒயர்கள். ஒயர்களில் ஒரு செட் ரத்தச் சிவப்பு, விரல் தடிமன், பளபளவென்று இருந்தது. மற்றது சாதாரணக் கறுப்பு. எந்தச் சந்தேகமும் இல்லாமல் என் மனம் சிவப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டரம்மா ஒரு வகைப் பிளக்கை எடுத்து நீட்டினார். "ரேஸுக்கு எல்லாரும் இதைத்தான் போடறாங்க. நானும் இதுதான் போட்டிருந்தேன்."

மாமா வாங்கி அதிலிருந்த எண்ணைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது சூட்டை நிக்க வுடாது டாக்டரம்மா. ரொம்ப வேகமா, ரொம்ப நேரம் போற வண்டிக்கு அதான் சரி. உங்க வண்டிக்கு அவ்ளோ சூடு ஏறாது. சூடு இல்லன்னா கரி எரியாது, நுனியில ஒக்காந்துக்கும். போன வருசம் ரேஸ்ல மூணு ரவுண்டு இருமிக்கினே போனீங்க. அப்பாலதான் தொண்டை தொறந்துச்சு. அதுக்குள்ள எல்லாம் முன்னாடி பூட்டாங்க."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "பார்க்க வந்திருந்தீங்களா?"

"இல்ல. இங்கருந்து கேட்டேன்."

"இங்கேருந்தா?"

"ஏரிக்கு அந்தாண்டதானே."

டாக்டரம்மா கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பிளக்குகளைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்ற வகையைத் தானே எடுத்து மாமா கையில் வைத்தார். என் மாமாவை ஒருவர் அப்படிப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. ஊரில் அவரைப் பஞ்சர் ஒட்டத்தான் கூப்பிடுவார்கள்.

ஒயரிலும் எனக்கு ஏமாற்றம். சிவப்பு ஒயரைப் பிடித்து அளந்து பார்த்தவர், மூன்றாவது ஒயர் நீளம் போதாது, இழுத்து மாட்டினால் புகைக்குழாயின் மேல் படிந்து ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும் என்றார். கறுப்புதான் என்று முடிவானது.

"செவப்பு அழகா கீதே மாமா," என்றேன்.

"மூடி போட்டா உள்ள இருட்டுதானே பாப்பா. அழக யாரு பாக்கறது?"

பிளக் நுனியின் இடைவெளியை மற்ற மெக்கானிக்குகள் ரம்பத் தகட்டைச் செருகி தோராயமாகப் பார்ப்பார்கள். மாமா அதற்கென்றே இருக்கும் மெல்லிய அளவுத் தகடுகளை, நான் வைத்த பொட்டோடு பலகையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகச் செருகி, தட்டிச் சரிசெய்தார். பிறகு நான்கையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒயர்களை மாற்றக் குனிந்தார். ஒரு பழைய ஒயரைப் பிடுங்கினால் அந்த இடத்தில் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வெய்யி," என்று அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

பிளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். அவ்வளவு வெண்மையான இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே பொட்டு வைப்பது? மேல் நுனியிலிருந்து கீழே உலோகம் வரை ஈரச் சந்தனத்தை ஒரே இழுப்பாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். நான்கிலும் ஒரே நீளம், ஒரே பொட்டு. அம்மா கற்பூரம் காட்டினாள். டாக்டரம்மாவும் கும்பிட்டார்.

மாமா தட்டை வாங்கினார். முதல் பிளக்கைக் கையில் எடுத்தவர் ஒரு கணம் நின்றார். கட்டைவிரல் பீங்கானின் மேல் போய் நின்றது. எதிரே அம்மா கற்பூரத் தட்டோடு, கண்ணை மூடி, அப்பாவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமா விரலை எடுத்துவிட்டு அப்படியே பிளக்கை முறுக்கி இறுக்கினார். நான்கையும். அதனதன் ஒயரின் ரப்பர் மூடியை மேலே அழுத்தி மாட்டினார்.

டாக்டரம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் எழுந்தது. எழுந்த வேகத்தில் உதறத் தொடங்கியது. முன்பாவது மூன்று அடித்தது. இப்போது எது அடிக்கிறது, எது அடிக்கவில்லை என்றே தெரியவில்லை. காய்ச்சல்காரன்போல் வண்டி மொத்தமும் நடுங்கியது.

"ஐயோ," என்றாள் அம்மா. "நான் சொன்னேனே. நான் சொன்னேனே." கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் சாமி படத்திடம் ஓடினாள்.

நான் இன்ஜினைப் பார்த்தேன். அந்த அரை இருட்டில், ஒயரின் ரப்பர் மூடிகளுக்கு அடியில், நான்கு இடங்களிலும் நீல ஒளி. நூல் தடிமன்தான். பீங்கானை விட்டு உலோகத்துக்குத் தாவியது, அணைந்தது, மீண்டும் தாவியது. சட்சட்டென்று ஒரு சத்தம். நான் பொட்டு வைத்த நான்கு இடங்களிலிருந்தும் அது வந்தது. அதுவரை நான் சாமியைப் பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

ஷட்டருக்கு வெளியே டீக்கடைக்காரர் குரல் கேட்டது. "இன்னா வாத்யாரே, பூஜ அன்னிக்கு உள்ள இன்னா சத்தம்?"

"பூஜதாம்பா," என்றார் மாமா, இன்ஜினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுக்கு ஆக்சிலேட்டர்லாம் குடுக்கறீங்களே!"

மாமா காரை நிறுத்தச் சொன்னார். பானெட் உயர்ந்து நின்றதால் டாக்டரம்மாவுக்கு நாங்கள் செய்வது தெரியவில்லை. மாமா மளமளவென்று ஒயர் மூடிகளைப் பிடுங்கி, சுத்தமான துணியைப் பெட்ரோலில் நனைத்து, நான்கு பீங்கான்களையும் மூடிகளின் உட்புறத்தையும் அழுத்தித் துடைத்தார். துணி மஞ்சளும் சிவப்புமாக ஆனது.

"பொட்டு அழியுதே மாமா!"

"சாமி பாத்துட்டுது பாப்பா. போதும்."

துணியைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். ஒயர்களை அதனதன் இடத்தில் மாட்டினார். அம்மா கண்ணீரோடு திரும்பி வரவும், டாக்டரம்மா இருக்கையிலிருந்து இறங்கி வரவும் சரியாக இருந்தது.

"என்ன தப்பு?" என்றார் டாக்டரம்மா.

மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பு வாயில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். என் விரல்களில் இன்னும் சந்தனம் காயவில்லை.

"ரெண்டு ஒயரை மாத்தி சொருகிட்டேன் டாக்டரம்மா. அவசரத்துல. என் தப்புதான்."

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா. "சாமி குத்தம் இல்லியா?"

"சாமி இன்னா பண்ணுச்சு? நான்தான் பண்ணேன்."

சாவி திருகப்பட்டது. இந்த முறை வந்த சத்தத்துக்கு ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. நடுக்கம் இல்லை, இருமல் இல்லை. ஒரே கோடாக இழுத்த சத்தம். அம்மா தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் தொடங்கினாள். நான் ஷட்டரை ஏற்றினேன். வெயிலில் அந்தச் சிவப்பு என் கண்ணைக் கூசவைத்தது.

மாமா இதற்குள் கையைக் கழுவி, வீட்டுக்குள் ஓடிப் பூஜைக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரம்மா மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க காது எனக்குத் தெரிஞ்ச யாருக்கும் இல்ல," என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. "ஆனா அங்க ரெண்டு நிமிஷத்துல வேலை முடியணும். அவசரத்துல ஒயர் மாறினா, நான் நூத்தம்பதுல போயிட்டிருப்பேன். வேற டீம்ல ஒருத்தரைக் கேட்டுப் பார்க்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. சரிதான்," என்றார் மாமா.

கார் போயிற்று. அட்டையும் அதோடு போயிற்று.

மூன்று மணிக்கு ஏரியின் மேல் சத்தம் வந்தது. மாமா அதே வெள்ளைச் சட்டையோடு பின்பக்கம் நின்று கேட்டார். எத்தனையோ கார்களின் சத்தம் ஒரே இரைச்சலாக வந்தது. அதில் ஒன்று வரும்போதெல்லாம் ஆட்காட்டி விரலை லேசாக உயர்த்தினார். "தோ, நாலும் அடிக்குது. மொத ரவுண்டுலருந்தே."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. "மாமா, நீ ஒண்ணொண்ணாத்தானே மாட்டின? நான் எண்ணிக்கினே இருந்தேன். மாறவே இல்லியே?"

"மாறிச்சு. நீ பாக்கல," என்றார், விரலை இறக்காமல்.

எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பெண் நான். ஆனாலும் அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், ஏதோ ஒரு கணத்தில் என் கண் பிசகியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படிக்கக் கொடுத்த கையேட்டில், பிளக்கின் பீங்கானை வெறும் கையால் தொடாதே என்று ஒரு பக்கம் இருந்தது. ஈரமோ பொடியோ படிந்தால் மின்சாரம் உள்ளே போகாது. பீங்கானின் மேலேயே வழிந்து உலோகத்தில் இறங்கிவிடும். இருட்டில் நீல ஒளியாகத் தெரியும். அந்தப் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு, அன்று ஈரச் சந்தனத்தை எங்கிருந்து எதுவரை இழுத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அன்றும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் பதினொரு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது வேறு. மூன்றாம் நாள் அப்பா பத்திரமாக வந்து சேர்ந்தார். லுங்கிக்கு மாறுவதற்குள் அவரைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். கார் வந்தது, மாமா பிளக் தேர்ந்தெடுத்தது, அவசரத்தில் ஒயரை மாற்றிச் சொருகி எல்லோரையும் அழவைத்தது.

"ரெண்டு ஒயரு ஒழுங்கா சொருகத் தெரியல, இவருக்கு ரேஸ் கேக்குது," என்று அப்பா மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் பொட்டு வெச்சதாலதான்பா வண்டியே ஓடுச்சு," என்றேன் நான். "இல்ல மாமா?"

வாசலில் நின்றிருந்த மாமா ஆமாம் என்று தலையாட்டினார். நான் அப்பாவைப் பெருமையோடு பார்த்தேன். சாட்சிக்கு ஆள் இருக்கிறது.